தேவநாதன்–ஸ்டாகுர்ஸ்கி மின்கலம்

உலோகத் தகட்டின் ஊடாக ஐதரசன் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதை மின்னோட்டமாக அளக்கும் ஆய்வுக் கருவி இது. எம். ஏ. வி. தேவநாதனும் இசட். ஸ்டாகுர்ஸ்கியும் பல்லேடியத்தை ஆராய்ந்து 1962இல் இலண்டன் றோயல் சொசைட்டியின் ஆய்விதழில் எழுதிய கட்டுரையில் இதை முன்வைத்தார்கள். தேவநாதன் இலங்கையர்; கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழக இரசாயனத் துறையில் பணியாற்றியவர். பாதரசத்துக்கும் கரைசலுக்கும் இடையிலான எல்லையைப் பற்றி 1954இலேயே அங்கிருந்து ஆய்வுகள் வெளியிட்டிருந்தார். மின்கலம் உருவானது அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், ஜே. ஓ'எம். பொக்றிஸின் ஆய்வுக் குழுவில். மின்வாய் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகள் அடுக்காக அமைவதை விளக்கி பொக்றிஸ், தேவநாதன், முல்லர் மூவரும் 1963இல் வெளியிட்ட மாதிரியும் அதே காலத்துப் பேறு. தேவநாதன் பின்னர் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்திலும் பணிபுரிந்தார்.

அமிலத்தில் கிடந்த இரும்பு தன் வளையும் தன்மையை இழந்து முறிகிறது என்பதை 1875இலேயே டபிள்யூ. எச். ஜோன்சன் எழுதியிருந்தார். காரணம் ஐதரசன். மிகச் சிறிய அணுவான அது இரும்பின் அணுக்களுக்கு இடையே நுழைந்து நகர்கிறது. உள்ளே போகிறது என்பது தெரிந்தும், எவ்வளவு போகிறது, என்ன வேகத்தில் போகிறது என்று அறை வெப்பநிலையில் அளப்பது நெடுங்காலம் கடினமாகவே இருந்தது. மறுபக்கம் வெளிவரும் வாயுவைச் சேர்த்து அதன் அமுக்கத்தை அளக்கும் முறை, அணுக்கள் சொற்பமாக வரும்போது கைகொடுக்கவில்லை.

தேவநாதனும் ஸ்டாகுர்ஸ்கியும் மறுபக்கத்தில் வாயு உருவாகவே விடவில்லை. இரண்டு கண்ணாடி அறைகளுக்கு நடுவே மெல்லிய உலோகத் தகடு சுவராக நிற்கிறது. ஒரு பக்கத்தில் தகடு கதோட்டாக இயங்குகிறது. அங்கு விடுபடும் ஐதரசனில் பெரும்பகுதி குமிழிகளாக வெளியேற, ஒரு சிறு பகுதி அணுக்களாக உலோகத்துக்குள் இறங்குகிறது. மறுபக்க அறையில் பெரும்பாலும் ஐதான சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் இருக்கும். அந்தப் பக்கத்தின் மின்னழுத்தத்தை அனோட்டு நிலையில் மாறாமல் பிடித்து வைப்பதால், தகட்டைக் கடந்து வரும் ஒவ்வோர் அணுவும் வந்த கணமே ஓர் இலத்திரனை இழந்து ஒட்சியேற்றமடைகிறது. ஓர் அணுவுக்கு ஓர் இலத்திரன் என்பதால் அங்கே ஓடும் மின்னோட்டமே அணுக்களின் கணக்காகிவிடுகிறது. ஒரு சதுர சென்ரிமீற்றரில் 1 மைக்குரோஅம்பியர் பாய்ந்தால், செக்கனுக்கு ஏறத்தாழ 6.24 இலட்சம் கோடி அணுக்கள் கடக்கின்றன என்று பொருள். இவ்வளவு நுண்ணிய அளவீட்டை இவ்வளவு எளிய அமைப்பால் பெற்றதே இதன் அழகு.

ஐதரசனைச் செலுத்தத் தொடங்கியதும் மின்னோட்டம் உடனே எழுவதில்லை. சிறிது தாமதித்து உயர்ந்து, பின் நிலையான மதிப்பில் நிற்கிறது. நிலையான மதிப்பின் 63 சதவீதத்தை எட்டும் நேரம் t என்றால், பரவற் குணகம் D = L²/6t; இதில் L தகட்டின் தடிப்பு. தடிப்பு இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்காகும். தூய இரும்பில் D அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 7×10⁻⁵ சதுர சென்ரிமீற்றர்/செக்கன். 1 மில்லிமீற்றர் தகட்டுக்குத் தாமதம் 24 செக்கன்தான். ஒசுட்டனைற்று வகைத் துருப்பிடியா உருக்கில் D 10⁻¹² அளவுக்குக் குறைவதால், அதே தடிப்புள்ள தகட்டைக் கடக்கப் பல பத்தாண்டுகள் தேவைப்படும். அவ்வகை உருக்கை மிக மெல்லிய தாளாக்கியே சோதிக்க முடியும்.

சாதாரண உருக்கில் கிடைக்கும் D தூய இரும்பினதைவிடச் சிறியது. பளிங்குக் குறைகள், மணி எல்லைகள், மாசுத் துணிக்கைகள் ஆகியவை வழியில் அணுக்களைப் பிடித்து வைப்பதே காரணம். பரிசோதனையை அதே தகட்டில் இரண்டாம் முறை செய்தால், விடாமல் பிடிக்கும் பொறிகள் முன்பே நிரம்பியிருப்பதால் மின்னோட்டம் விரைவாக எழும். இரண்டு வளைகோடுகளின் வேறுபாடு பொறிகளைப் பற்றிச் சொல்லும். ஆய்வாளர் இங்கே அவசரப்படக்கூடாது. ஐதரசன் செலுத்துமுன் வெளியேறும் பக்கத்தின் பின்னணி மின்னோட்டம் தணிந்து நிலைபெறும்வரை காத்திருக்க வேண்டும். இரும்பின் அந்தப் பக்கத்துக்குப் பல்லேடிய முலாம் பூசுவதும் வழக்கம். வெவ்வேறு தடிப்புகளில் ஒரே D கிடைக்காவிட்டால், அளந்தது பரவலை மட்டுமல்ல, மேற்பரப்பின் குறுக்கீட்டையும் என்று கொள்ள வேண்டும்.

உயர் வலிமை போல்ட்டுகளுக்கு நாக முலாம் பூசும்போதும் ஐதரசன் உள்ளே போகிறது. அதை வெளியேற்ற, முலாமிட்டவுடன் 190–220 பாகை செல்சியசில் பல மணி நேரம் சூடேற்றுகிறார்கள். முலாம் தொட்டிகளின் இந்தத் தீங்கை மதிப்பிட, தேவநாதன், ஸ்டாகுர்ஸ்கி, பெக் மூவரும் 1963இலேயே இக்கலத்தைப் பயன்படுத்தினார்கள். கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் றப்பர் பாலை உறைய வைக்கப் போமிக் அமிலம் ஊற்றுகிறார்கள். அந்த அமிலம் படும் உருக்கிலும் இதே தாக்கம் நிகழும். மென்னுருக்குச் சட்டங்களுக்கு இதனால் முறியும் ஆபத்து குறைவு; அவற்றுக்கு அரிப்பே முதற் பகை. கடினமாக்கிய சுருள்வில்லுக்கும் உயர் வலிமை போல்ட்டுக்கும் கவனம் தேவை.

அமெரிக்கத் தர நிர்ணயம் ஏஎஸ்டிஎம் ஜி148, சர்வதேசத் தர நிர்ணயம் ஐஎஸ்ஓ 17081 இரண்டும் இக்கலத்தின் அமைப்பையே பின்பற்றுகின்றன. மின்னோட்டத்திலிருந்து அணுக்களை எண்ணும் கணக்குக்குப் பரடேயின் விதி தெரிந்தால் போதும். உயர்தர வகுப்பில் மின்பகுப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்கலத்தையும் தேவநாதனின் பெயரையும் மாணவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.