கூர்ப்பு

சங்ககிரி, எடப்பாடி, மேச்சேரிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் மேயும் மேச்சேரிச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது. செம்பழுப்பில் குட்டை மயிர்தான். கம்பளியை இழந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆதிச் செம்மறியின் மேனியும் பெரும்பாலும் மயிர்தான். கம்பளி பின்னால் மனிதர் தேர்ந்து வளர்த்தது. உண்மையில் போனது கொம்பு. காட்டுச் செம்மறிக் கிடாவின் தலையில் சுருண்டு கிடக்கும் பெருங்கொம்பு மேச்சேரிக் கிடாவுக்குப் பெரும்பாலும் இல்லை. இப்படிப்பட்ட மாற்றத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘பரிணாமம்’ என்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல் ‘கூர்ப்பு’ என்கிறது.

பரிணாமம் சாங்கியத் தத்துவம் கையாண்ட சொல். பால் தயிராவதே அதற்குச் சொல்லப்படும் பழைய எடுத்துக்காட்டு. ஒரே பொருள் உருமாறுவதைத்தான் அது காட்டுகிறது. ஆனால் எந்த ஆடும் தன் ஆயுளில் வேறு ஆடாவதில்லை. எந்த வகை ஆடு எத்தனை என்ற மந்தையின் கணக்குத்தான் தலைமுறைதோறும் மாறுகிறது.

கூர்ப்பு தொல்காப்பிய உரியியலில் வருகிறது. ஏற்கெனவே உள்ளது மேலும் சிறந்து மிகுவதே அதன் பொருள் என்கிறது அந்நூல். 1859-ல் டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை. தேர்வு எதையும் புதிதாகப் படைப்பதில்லை. வேறுபாடு முதலில் மரபணுவின் திடீர்மாற்றத்தால் மந்தைக்குள் வந்திருக்க வேண்டும். சித்திரை வெயிலையும் காய்ந்த புல்லையும் குடற்புழுவையும் தாங்கும் ஆடு கூடுதலாகக் குட்டி போட, அந்தத் தாங்குதிறன் மந்தையில் மிகும். பட்டிக்காரர் ஒரு குட்டியைப் பொலிகிடாவாக நிறுத்திக்கொண்டு மற்றதைக் கறிக்கு விற்பதும் தேர்வுதான். டார்வினும் இயற்கைத் தேர்வை விளக்கிய தம் நூலின் முதல் அத்தியாயத்தில் வளர்ப்புப் புறாக்களைப் பற்றித்தான் விரிவாகப் பேசினார்.

ஆனால் ‘சிறத்தல்’ எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) சேலம் ஜில்லா கடுமையாக அடிபட்டது. அப்படியொரு பஞ்சத்தில் பத்து ஆடுகள் தப்பினால், அவை வலுவுள்ளவை என்று எப்படிச் சொல்வது? கிணறு வற்றாத தோட்டத்தில் கட்டியிருந்தவையாகவும் இருக்கலாம். அவற்றின் நிறமும் காதும் வாலும் பிறகு மந்தை முழுவதும் பரவும். தகுதி பார்க்காத இந்தக் குலுக்கலுக்கு மரபணு நகர்வு என்று பெயர். மந்தை சிறுத்தால் நகர்வின் வேகம் கூடும். சந்தையில் வாங்கிய வெளியூர்க் கிடா பட்டிக்குள் வந்தால் அது மரபணுப் பாய்வு. இவை இரண்டையும் கூர்ப்பு என்று அழைக்கும்போது சொல் கொஞ்சம் இழுபடத்தான் செய்கிறது.

இருந்தாலும் நம் ஊரில் பரிணாமத்தோடு ‘வளர்ச்சி’யையும் ஒட்டிப் ‘பரிணாம வளர்ச்சி’ என்று எழுதுகிறோமே, அதற்குக் கூர்ப்பு எவ்வளவோ மேல். கொம்பு போன கிடா எதில் வளர்ந்தது? பாடநூல் எழுதுவோர் கூர்ப்பை ஏற்காவிட்டாலும் போகட்டும், அந்த ‘வளர்ச்சி’யையாவது வெட்டிவிட வேண்டும்.