முடிச்சிலிருந்து மறுசீரமைப்புக்கு: கழுத்துத் தமனிப் புடைப்புக்கான அறுவை மருத்துவமும் மலாயாவின் மண்நோயும்

முன்னுரை

தொண்டைக்குழலின் இருபுறமும் விரல் வைத்தால் துடிப்பது கரோட்டிட் தமனி. தாடையின் கோணத்துக்குச் சற்றுக் கீழே அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்குச் செல்கிறது, மற்றது மூளைக்கு. இத்தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து உப்பினால் அதுவே தமனிப் புடைப்பு, மருத்துவர் வழக்கில் அனியூரிசம். கழுத்தில் இது அரிதாகவே வருகிறது. ஆனால் வந்தால் இரண்டு வழியில் உயிரைக் குறிவைக்கும். பை வெடித்தால் குருதி மூச்சுக்குழலை நெரிக்கும். பைக்குள் உறைந்த கட்டி நகர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும்.

இதற்கான அறுவை மருத்துவத்தின் வரலாற்றைப் பெரும்பாலான நூல்கள் ஒரே ஏறுமுகமாகச் சொல்கின்றன: முதலில் முடிச்சு, பிறகு தையல், இறுதியில் ஸ்டென்ட் எனும் வலைக்குழாய். இக்கட்டுரை அதிலிருந்து சற்று விலகுகிறது. புடைப்பு எதனால் வந்தது என்பதே எந்தக் காலத்திலும் ஏற்ற முறையைத் தீர்மானித்திருக்கிறது. புதிய முறை பழையதை முற்றாக அகற்றியதில்லை என்பதே இதன் வாதம். மலேசியாவில் பேராக் மாநிலத்தின் காம்பார் போன்ற வட்டாரத்திலிருந்து பார்க்கும்போது இவ்வாதம் இன்னும் தெளிவாகிறது.

முடிச்சின் காலம்

1785இல் லண்டனில் ஜான் ஹன்டர் முழங்காலுக்குப் பின்னால் இருந்த ஒரு புடைப்பைக் கீறித் திறக்காமல், அதற்கு மேலே தொடையில் தமனியைக் கட்டினார். பைக்குள் பாயும் குருதியின் வேகத்தைக் குறைத்தால் பை தானே சுருங்கும் என்பது அவர் கணிப்பு. காலுக்குப் பொருந்திய இந்த முறையைக் கழுத்தில் கையாளப் பலரும் அஞ்சினர். கரோட்டிட் தமனியை அடைத்தால் மூளை பிழைக்குமா என்ற கேள்விக்கு அப்போது யாரிடமும் உறுதியான விடை இல்லை.

முதல் விடை ஒரு கப்பலிலிருந்து வந்தது. 1803இல் பிரிட்டிஷ் போர்க்கப்பலான டொனான்டில் ஒருவர் தம் கழுத்தைத் தாமே அறுத்துக்கொண்டார். சில நாள் கழித்துக் காயத்திலிருந்து குருதி பீறிட்டபோது, கப்பல் மருத்துவர் டேவிட் ஃபிளெமிங் பொதுக் கரோட்டிட் தமனியைக் கட்டினார். நோயாளி பிழைத்தார்.

புடைப்புக்காகவே அத்தமனியைக் கட்டியவர் ஆஸ்ட்லி கூப்பர். 1805 நவம்பரில் கைஸ் மருத்துவமனையில் 44 வயதுப் பெண் ஒருவருக்கு அறுவை செய்தார். சில நாளில் உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது. அழற்சி கண்ட பை மூச்சையும் விழுங்குதலையும் நெரித்தது. மாதம் முடிவதற்குள் அவர் இறந்தார். பை மிகப் பெரிதாகும்வரை காத்திருந்ததே தோல்விக்குக் காரணம் என்று கூப்பர் முடிவு செய்தார். 1808 ஜூனில், 50 வயதுச் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவருக்குப் புடைப்பு சிறிதாக இருக்கும்போதே இடக் கரோட்டிடைக் கட்டினார். அம்மனிதர் வேலைக்குத் திரும்பி, மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். 1821இல் அவர் மூளைக் குருதிக் கசிவால் இறந்தபோது, கசிவு கட்டப்பட்ட இடப்பக்கத்திலேயே இருந்தது. தமனி அடைபட்ட பிறகும் அப்பக்கத்துக்குக் குருதி தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. மூளையின் அடியில் தமனிகள் வளையமாக இணைந்திருப்பதை 1664இலேயே தாமஸ் வில்லிஸ் விவரித்திருந்தார். அந்த வளையமே தொழிலாளியைக் காத்தது.

ஆனால் வளையம் எல்லோருக்கும் முழுமையாக அமைவதில்லை. 1868இல் பில்ட்ஸ் என்பவர் 600 கரோட்டிட் முடிச்சுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இறப்பு விகிதம் 43 விழுக்காடு. இந்த எண்ணைக் கொண்டு அக்கால மருத்துவர்களைப் பழிக்க முடியாது. புடைப்பைத் தொடாமல் விட்டிருந்தால் இறப்பு இன்னும் கூடுதலாக இருந்திருக்கும்.

கட்டியா, தமனியா

அறுவைக்கு முன்னால் நோயை இனங்காண வேண்டும். இங்கேயே பலர் சறுக்கினர். தொண்டைப் புண்ணும் பல் சீழும் ஆழமாகப் பரவித் தமனிச் சுவரை அரித்தால், வெளியே தெரிவது சீழ்க்கட்டி போன்ற வீக்கம். 1841இல் லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ராபர்ட் லிஸ்டன் ஒரு சிறுவனின் கழுத்து வீக்கத்தைச் சீழ்க்கட்டி என்று கருதிக் கீறினார். வெளிப்பட்டது தமனிக் குருதி. தமனியைக் கட்டியும் சிறுவனைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்த அபாயம் இன்றும் நீங்கவில்லை. டான்சிலுக்குப் பின்னால் உப்பியிருக்கும் வீக்கம் துடிக்கிறதா என்று விரலால் பார்க்க வேண்டும். ஸ்கேன் எடுக்காமல் அதில் கத்தியோ ஊசியோ வைக்கக் கூடாது. துடிப்பு இல்லாததும் முழு உறுதி தராது. உறைகட்டி நிறைந்த பை துடிக்காமலும் இருக்கலாம்.

ஓட்டத்தைக் காத்தல்

அடைப்பதை விட்டு ஓட்டத்தைக் காக்கும் சிந்தனை பல இடங்களில் தனித்தனியே வளர்ந்தது. 1888இல் நியூ ஆர்லியன்சில் ருடால்ஃப் மட்டாஸ் கைத் தமனியின் புடைப்பைத் திறந்து உள்ளிருந்தே தைத்தார். கழுத்துத் தமனியைக் கட்டுமுன் வெளியிலிருந்து அழுத்தி, மூளை தாங்குகிறதா என்று சோதிக்கும் வழக்கத்துக்கும் அவர் பெயரே நிலைத்தது. 1902இல் லியோனில் அலெக்சிஸ் கரேல், தமனியின் வட்ட விளிம்பை மூன்று தையல்களால் முக்கோணமாக இழுத்து, சுருங்காமல் இணைக்கும் முறையை வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு பெற்றார். 1916இல் கண்டறியப்பட்டு 1930களில் தூய்மையாக்கப்பட்ட ஹெபாரின், தைத்த குழாயில் குருதி உறையாமல் காத்தது. 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் மூளைத் தமனிகளை எக்ஸ்ரேயில் காட்டினார்.

இத்தனையும் இருந்தும் இரண்டாம் உலகப் போரின் களங்களில் தமனிக் காயத்துக்கு முடிச்சே வழக்கமான சிகிச்சை. அறுவை மருத்துவர்களான டிபேக்கியும் சிமியோனும் 1946இல் அமெரிக்கப் படையின் 2471 தமனிக் காயங்களை ஆராய்ந்தனர். மிகச் சிலவே தைக்கப்பட்டிருந்தன; கட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கையையோ காலையோ இழந்திருந்தனர். கொரியப் போரில் தையல் வழக்கமானபோது அந்த இழப்பு பெரிதும் குறைந்தது.

அந்த அனுபவம் 1950களில் கழுத்துக்கு வந்தது. கரோட்டிட் புடைப்பை வெட்டி அகற்றி, இரு முனைகளையும் இணைக்கும் அறுவைகள் அப்பத்தாண்டின் தொடக்கத்தில் வெற்றி கண்டன. 1954இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் ஆகிய மூவர் அடைபட்ட கரோட்டிடைச் சீராக்கியது, கழுத்துத் தமனியை நம்பித் திறக்கலாம் என்ற துணிவைத் தந்தது.

இன்றைய திறந்த அறுவை அந்த வழியில் வந்ததே. காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பு நோக்கி இறங்கும் தசையின் முன்விளிம்பில் கீறுகிறார்கள். புடைப்பைத் தொடுமுன் அதற்குக் கீழும் மேலும் தமனியைப் பிரித்து நாடா இட்டுக்கொள்கிறார்கள். நாவை அசைக்கும் நரம்பு தமனியைக் குறுக்கே கடக்கிறது. குரலைக் காக்கும் வேகஸ் நரம்பு பின்னால் ஒட்டிக் கிடக்கிறது. பை பெரிதாக இருந்தால் இவை அதன் சுவரோடு பிணைந்திருக்கும். அதனால் பையை முழுதும் உரித்தெடுக்க முயலாமல், நரம்பு ஒட்டிய பகுதியை அப்படியே விடுவது நல்லது. ஹெபாரின் கொடுத்து, கவ்விகள் இட்டு, தேவையானால் தற்காலிக இடைக்குழாய் வழியே மூளைக்குக் குருதி அனுப்பிக்கொண்டே, தொடையிலிருந்து எடுத்த பெருஞ்சிரைத் துண்டை இடையில் வைத்துத் தைக்கிறார்கள். புடைப்பு மண்டையோட்டின் அடிவரை ஏறியிருந்தால் மேல்முனையை எட்டுவதே பெரும்பாடு.

மலாயாவின் மண்

காரணத்தைப் பொறுத்தே முறை என்ற வாதம் இங்கே வலுப்பெறுகிறது. மேலைநாடுகளில் முன்பு பெருங்காரணமாக இருந்த சிபிலிஸ் நோய் பின்வாங்க, தமனித் தடிப்பும் காயமும் முந்தைய அறுவையின் பின்விளைவும் முதன்மைக் காரணங்களாயின. நம் வட்டாரத்தில் கிருமித் தொற்றைப் பட்டியலின் அடியில் தள்ள முடியாது. தொற்றால் வரும் புடைப்பை 1885இல் வில்லியம் ஆஸ்லர் விரிவாக விவரித்தார். சால்மோனெல்லாவும் ஸ்டஃபிலோகாக்கசும் இதை உண்டாக்கும். தென்கிழக்காசியாவில் இவற்றோடு, மண்ணிலிருந்து தொற்றும் மெலியோய்டோசிஸ் நோயின் கிருமியும் சேர்கிறது.

இந்நோயின் வரலாற்றில் தமிழ்ப் பெயர்கள் இரண்டு உண்டு. 1912இல் ரங்கூனிலிருந்து ஆல்ஃபிரட் விட்மோருடன் சேர்ந்து இந்நோயை முதன்முதலில் அறிவித்தவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் இதை ஆழ்ந்து ஆராய்ந்து 1932இல் தனிநூல் வெளியிட்டனர். மலேசிய மண்ணிலும் நீர்நிலைகளிலும் கிருமி எங்கே வாழ்கிறது என்று தேடி 1969இல் முடிவு வெளியிட்ட குழுவில் ஸ்ட்ராஸ் முதலியோருடன் எம். மாரியப்பனும் இருந்தார். அடர்காட்டைவிட நெல்வயலிலும் புதிதாகத் திருத்திய நிலத்திலும் கிருமி கூடுதலாகக் கிடைத்தது. காடழித்துப் பால்மரமும் செம்பனையும் நட்டு, ஈயம் தோண்டி, ஈயக் குட்டைகளோடு வாழும், காம்பாரை உள்ளடக்கிய கின்தா பள்ளத்தாக்கு இந்த முடிவை அக்கறையோடு படிக்க வேண்டும். கிருமி மிக எளிதாக வீழ்த்துவது நீரிழிவு உள்ளவரை. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிட மிகுதி.

இக்கிருமி பெரும்பாலும் தாக்குவது பெருந்தமனியை. கழுத்துத் தமனியைத் தாக்குவது அரிது. ஆனால் தாக்கினால் கத்தி மட்டும் போதாது. 1989இல் தாய்லாந்தின் உபோன் ரட்சதானியில் நடந்த ஆய்வு, கடும் மெலியோய்டோசிசில் செஃப்டாசிடிம் மருந்து இறப்பை 74 விழுக்காட்டிலிருந்து 37 விழுக்காடாகக் குறைத்ததைக் காட்டியது. தமனி தாக்கப்பட்டவருக்கு அறுவைக்குப் பிறகும் மாதக்கணக்கில் மருந்து தொடர வேண்டும்.

உள்ளிருந்து மூடுதல்

1990களிலிருந்து தொடைத் தமனி வழியே உறை போர்த்திய ஸ்டென்ட்டைச் செலுத்தி, புடைப்பின் வாயை உள்ளிருந்து மூடும் முறை பரவியது. கழுத்து நரம்புகள் காயப்படுவதில்லை. மண்டையோட்டின் அடியில் உள்ள புடைப்பையும் எட்ட முடிகிறது. விபத்துக் காயத்துக்கும், முன்பு அறுவையோ கதிர்வீச்சோ பெற்ற கழுத்துக்கும் இது பெரும் பேறு.

தொற்றுள்ள இடத்தில் நிலை வேறு. அங்கே வைத்த செயற்கைப் பொருளில் கிருமி குடியேறினால் மருந்து அதை எட்டாது. பீறிடும் குருதியை நிறுத்த ஸ்டென்ட் நேரம் வாங்கித் தரலாம். நிலையான தீர்வு என்று அதை நம்பிவிடக் கூடாது. அழுகிய திசுவை அகற்றி, நோயாளியின் சொந்தச் சிரையை வைப்பதே ஏற்றது. அதற்கும் இடமில்லாதபோது, மூளை தாங்குகிறதா என்று பலூனால் சோதித்துவிட்டுத் தமனியைக் கட்டுகிறார்கள். கூப்பரின் முடிச்சும் மட்டாசின் சோதனையும் 21ஆம் நூற்றாண்டின் அறுவைக் கூடத்தில் இப்படித்தான் நீடிக்கின்றன.

முடிவுரை

இருநூறு ஆண்டு வரலாறு தரும் பாடம், ஆகப் புதிய கருவியைத் தேர்ந்தெடு என்பதன்று. காரணத்தை முதலில் கண்டுபிடி என்பதே. காம்பாரில் ஒருவர் கழுத்து வீக்கத்தோடும் காய்ச்சலோடும் வந்தால், அவருக்கு நீரிழிவு உண்டா, ஈர மண்ணில் வேலை செய்தவரா என்று கேட்பதும், கீறுமுன் ஸ்கேனுக்கு அனுப்புவதும், குருதியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எடுப்பதும் அறுவையின் முதல் படிகள். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் உள்ள பெரிய மருத்துவமனையின் வல்லுநர் சிரையா, ஸ்டென்ட்டா, முடிச்சா என்று சரியாகத் தேர்வதற்கு, முதல் மருத்துவர் எழுதி அனுப்பும் அந்தக் குறிப்பே அடிப்படை. தோட்ட மக்களின் பிள்ளைகள் இன்று மருத்துவர்களாகவும் தாதியராகவும் பணிபுரியும் இம்மாநிலத்தில், கிருஷ்ணசாமியும் மாரியப்பனும் பங்களித்த அறிவு பாடநூலோடு நின்றுவிடாமல் முதல்நிலை மருந்தகம்வரை வந்து சேர வேண்டும்.