சேரிக்கோழியும் மேய்ச்சல் நிலமும்

கல்வெட்டு படிக்கிற அறிஞர்கள் பெரும்பாலும் அரசர்களைத்தான் தேடுகிறார்கள். எந்த ராஜா எந்தக் கோயிலுக்கு எத்தனை வேலி நிலம் கொடுத்தான் என்பதே வரலாறு என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். கோழிக்கு வரலாறு உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்திலும், பழைய செங்கல்பட்டு மாவட்டத்து இந்தளூரிலும் சேவலுக்கு நட்ட நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. சுமார் 1500 வருஷத்துக்கு முந்திய கற்கள். கல்லில் சேவலைச் செதுக்கி, எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். ஒன்று முகையூர் மேற்சேரிச் சேவல். இன்னொன்று கீழ்ச்சேரிச் சேவல், அதற்குப் பொற்கொற்றி என்று பேரே வைத்திருக்கிறார்கள்.

இங்கே கவனிக்கவேண்டிய சொல் 'சேரி'. அன்றைக்குச் சேரி என்றால் ஜனங்கள் சேர்ந்து வாழ்கிற பகுதி, அவ்வளவுதான். குடவோலைக்குப் பேர்போன உத்திரமேரூர் கல்வெட்டுகள் (919, 921) அந்தப் பிராமண ஊரின் 12 சேரிகளைச் சொல்கின்றன. ஆக அவாளும் சேரியில்தான் குடியிருந்தார்கள். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்கு வரும்போது பறைச்சேரி தனியாக நிற்கிறது, தீண்டாச்சேரி என்கிற சொல்லும் வந்துவிடுகிறது. பிறகு மற்றவர்களெல்லாம் அக்கிரகாரம், தெரு, ஊர் என்று பேர் மாற்றிக்கொண்டு போய்விட, சேரி என்கிற சொல் நம் தலையில் மட்டும் தங்கிவிட்டது. சேவல் பேரால் பெருமைப்பட்ட சேரி, ஒதுக்கப்பட்ட சேரியானது இப்படித்தான்.

நான் கோழி வளர்க்க ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் காலனி எங்களுடையது. ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை நின்றுபோனதும் நாலு பெட்டை, ஒரு சேவல் வாங்கிவிட்டேன். பஞ்சாரத்தில் கவிழ்ப்பது, கோழி கேறுகிற சத்தத்தை வைத்து முட்டை எங்கே என்று தேடுவது, 21 நாள் அடைக்கு உட்காரவைப்பது எல்லாம் எங்க ஆயா சொல்லித்தான் தெரியும். பருந்துக்கும் கீரிக்கும் தப்பிய குஞ்சைத்தான் கணக்கில் சேர்க்கணும் என்பார். ஒருநாள் ஆயா சொன்னது இது:

"நெலம் ஆண்டையோடது. குட்ச போட்ட மனையும் அவங்களோடது. உங்க தாத்தா ஒடம்பே அவங்களோடதுதான். கோழி மட்டும்தான்டா என்னுது. அதுக்கும் அவங்க வூட்டுக்கு விருந்தாளி வந்தா ஆள் வந்துடும், சேவலக் குடுன்னு. காசு கேட்டா, எங்க களத்துல பொறுக்கித் தின்ன கோழிதானேன்னுவாங்க."

களத்தில் பொறுக்கித் தின்ற கோழி! 2022இல் வெளியான ஆய்வுகளைப் படித்தபோது ஆயா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. சுமார் 3500 வருஷத்துக்கு முன்னால், தாய்லாந்துப் பக்கம், நெல்லும் தினையும் விளைந்த இடங்களில் சிந்திக்கிடந்த தானியத்தைத் தேடி வந்த காட்டுக்கோழிதான் மெல்ல மெல்ல வீட்டுக்கோழியானது என்று அந்த ஆய்வுகள் சொல்கின்றன. நம் கோழியின் மஞ்சள் தோல், தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இலேயே மரபணு ஆய்வில் கண்டார்கள். அப்படியானால் கோழி என்பது சிந்திய தானியத்தின் பிள்ளை. நெல்லை அறுத்து, சுமந்து, அடித்து, தூற்றியவர்கள் யார்? அந்தச் சிந்தலுக்கு யாருக்கு உரிமை அதிகம்?

மனு இதில் வேறுமாதிரி யோசித்திருக்கிறான். அவனுடைய நூலின் ஐந்தாம் அத்தியாயம், ஊர்ப்பன்றி, பூண்டு, வெங்காயம் இவற்றோடு ஊர்க்கோழியையும் சேர்த்து, தெரிந்தே தின்கிற துவிஜன் சாதி கெட்டுப்போவான் என்கிறது. தெருவில் கண்டதைக் கிளறித் தின்கிற பறவை, அதைத் தின்கிற மனிதர்கள், இரண்டுமே அசுத்தம் என்று ஆக்கப்பட்டது. இன்றைக்கு நெடுஞ்சாலை ஓட்டல்களில் 'நாட்டுக்கோழி' என்று போர்டு வைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். கோழிக்கு மதிப்பு வந்துவிட்டது. வளர்த்தவளுக்கு வந்ததா?

கோழிக்குப் பட்டா வேண்டாம். பத்திரம் வேண்டாம். ஒரு பெண் தன் பேரில் வைத்துக்கொள்ளக்கூடிய முதல் சொத்து அது. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், காய்ச்சலுக்கு மருந்து, எல்லாம் கோழி விற்ற காசுதான். ஆனால் கோழி மேய வாசல் வேண்டும், வாசலைத் தாண்டி யாருக்கும் தனிச் சொந்தமில்லாத கொஞ்சம் மண் வேண்டும். சேரிக்கு எப்போதும் மறுக்கப்பட்டது அந்த மண்தான்.

திருவள்ளூர் மாவட்டம் 1997இல்தான் பிரிந்தது. அதுவரை இந்தப் பகுதி செங்கல்பட்டு ஜில்லா. அந்த ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனைகூட மிராசுதார் கையில் இருந்ததையும், கூலி அதிகம் கேட்டால் குடிசையிலிருந்து விரட்டப்படும் பயத்தையும் அது பேசியது. அதன் பின்னால்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப்போன கதை நமக்குத் தெரியும். அதைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச்சூட்டில் உயிர் கொடுத்ததும் தெரியும். விவசாயத் தொழிலாளி குடியிருக்கிற மனை அவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்ததே 1971இல்தான். அதற்கு முன்னால் ஆயாவின் கோழி கிளறிய வாசலும் ஆண்டையின் வாசல்தான்.

அதே 1971இல் சிப்காட் தொடங்கப்பட்டது. ஆண்டை போய்க் கம்பெனி வந்தது. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை என்று ஓர் ஊர். தலித் மக்களே பெரும்பான்மை. ஊரார் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருந்த காடும் பொதுநிலமுமாக 1127 ஏக்கரைத் தொழிற்பூங்காவுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். 2009இல் பிரான்சின் மிச்சலின் டயர் நிறுவனம் அங்கே ஆலை கட்ட அரசோடு ஒப்பந்தம் போட்டது. மக்கள் மறித்தார்கள், சிறைக்குப் போனார்கள். 2012இல் ஊர்ச் சங்கம், நில உரிமை அமைப்பு, பிரெஞ்சுத் தொண்டு அமைப்புகள், அந்நாட்டுத் தொழிற்சங்கம் எல்லாம் சேர்ந்து பாரீஸ் வரைக்கும் புகார் கொண்டுபோனார்கள். நிலம் திரும்பவில்லை. மேய்ச்சல் போனால் மாட்டை விற்கவேண்டும், பிறகு ஆட்டை. கடைசியில் மிஞ்சுவது கோழி. அரசாங்கக் கணக்கில் பொதுநிலம் 'தரிசு'. நமக்கோ அது தொழுவம், விறகுக்கட்டு, மருந்துச்செடி.

மிஞ்சிய கோழிக்கும் இப்போது ஆபத்து. திரிகிற கோழி மண்ணைக் கொத்தித் தின்பதால் மண்ணில் இருப்பது முட்டைக்கு வந்துவிடும். 2005இல் பல நாடுகளில் தொழிற்சாலைகளுக்கும் குப்பை எரிக்கிற இடங்களுக்கும் அருகே மேயும் கோழிகளின் முட்டைகளைச் சோதித்தார்கள். கேரளத்தின் ஏலூர் முட்டையில் டயாக்சின் என்கிற நஞ்சு ஐரோப்பிய வரம்பைத் தாண்டியிருந்தது. கூண்டுக்கோழி தின்பது மூட்டைத் தீவனம். நம் கோழி தின்பது நம் மண்ணை. புகையும் சாம்பலும் விழுகிற காலனிகளில் நம் முட்டையைச் சோதித்து முடிவை நம்மிடம் சொல்லவேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது.

இன்னொன்று வெள்ளைக்கழிச்சல். 1920களில் ராணிக்கெட் என்கிற மலையூரில் கண்டதால் அந்தப் பேரே நோய்க்கும் வந்தது. வந்துவிட்டால் ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலி. தடுப்பூசி உண்டு. கால்நடைத் துறை பிப்ரவரி வாக்கில் முகாம் போடுகிறது. அந்த முகாம் ஊரோடு நின்றுவிட்டால் காலனிக்கோழி சாகும். காலனிக்கோழி செத்தால் ஊர்க்கோழியும் சாகும். கிருமிக்குச் சாதி தெரியாது, முகாம் போடுகிறவர்களுக்குத் தெரியும்.

2018க்குப் பிறகு ஏழைப் பெண்களுக்கு விலையில்லாக் கோழிக்குஞ்சு கொடுக்கும் திட்டங்கள் வந்தன. நல்லது. குஞ்சு கொடுத்தவர்கள் அது மேயும் இடத்தைக் கொடுக்கவில்லை. ஒரு கையால் குஞ்சையும் இன்னொரு கையால் சிப்காட் ஆணையையும் நீட்டுவதுதான் வளர்ச்சி என்றால், அந்த வளர்ச்சியை நாம் கேள்வி கேட்டாகவேண்டும்.

மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் சேரியின் கிழவிகளிடம் உட்கார்ந்து, எங்கே மாடு மேய்ந்தது, எங்கே கோழி கிளறியது, அந்த இடம் எந்த வருஷம் யார் கைக்குப் போனது என்று கேட்டு எழுதுங்கள். கிராம அடங்கலோடு ஒப்பிடுங்கள். மேய்க்கால், மந்தைவெளி, பஞ்சமி என்று சர்வே எண்ணோடு பட்டியல் போட்டால் அது வழக்குக்கும் உதவும், போராட்டத்துக்கும் உதவும். கிழவிகளின் ஞாபகம் போவதற்குள் செய்யவேண்டிய வேலை இது.