நீரிழிவின் வகைப்பாடும் உடற்பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நீரிழிவு என்பது ஒரே நோயன்று. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிவதால் தோன்றுவது முதல் வகை. உடல் இன்சுலினுக்கு உரியவாறு இணங்காமையும் சுரப்புக் குறைவும் சேர்ந்து விளைவிப்பது இரண்டாம் வகை. இவ்வேறுபாட்டை அறிந்தால்தான் உடற்பயிற்சியின் பயனையும் எல்லையையும் வரையறுக்க இயலும் என்பதை மருத்துவ வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பண்டைய வகைப்பாடு

சுசுருத சங்கிதை பிரமேகத்தைப் பிறவியில் வருவது, தகாத உணவால் வருவது என இரண்டாகப் பகுக்கிறது. முன்னதற்கு ஆட்பட்டோர் மெலிந்தோர். பின்னதற்கு ஆட்பட்டோர் பருத்தோர். மெலிந்தோருக்கு ஊட்டமும் பருத்தோருக்கு உடலை இளைக்கச் செய்யும் முறைகளும் விதிக்கப்பட்டன. பிரமேகத்தை இன்றைய நீரிழிவோடு முற்றிலும் ஒன்றெனக் கொள்ளல் பொருந்தாது. எனினும், நோயாளியின் இயல்புக்கேற்ப மருத்துவம் வேறுபட வேண்டும் என்னும் தெளிவு அதில் புலனாகிறது.

ஐரோப்பிய ஆய்வுகள்

1870–71இல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டபோது, உணவுப் பற்றாக்குறையால் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததை மருத்துவர் புஷார்தா கண்டார். உணவுக் கட்டுப்பாட்டுடன் உடலுழைப்பையும் அவர் வலியுறுத்தினார். பின்னர் லான்செரோ மெலிந்தோர் நீரிழிவு, பருத்தோர் நீரிழிவு எனப் பிரித்தார். 1922இல் டொராண்டோவில் இன்சுலின் மருத்துவம் தொடங்கியது. 1936இல் ஹிம்ஸ்வொர்த், குளுக்கோஸையும் இன்சுலினையும் ஒருங்கே கொடுத்துச் சோதித்து, இன்சுலினுக்கு இணங்குவோர், இணங்காதோர் என நோயாளிகளை வேறுபடுத்தினார். உடல் தோற்றத்தைக் கடந்து, உடலியக்கமே வகைப்பாட்டின் அடிப்படையாயிற்று.

உடற்பயிற்சியின் பயனும் எல்லையும்

இயங்கும் தசை இன்சுலின் துணையின்றியும் குளுக்கோஸை ஈர்க்கும். பயிற்சிக்குப்பின் இன்சுலினுக்கு இணங்கும் திறனும் கூடும். எனவே இரண்டாம் வகையில் பயிற்சி நோயின் காரணத்தையே எதிர்கொள்கிறது. சீனாவின் டாசிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வில், நோய் வாய்ப்புடைய 577 பேர் ஆறாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். ஒப்பீட்டுக் குழுவில் 67.7 விழுக்காட்டினருக்கும், பயிற்சிக் குழுவில் 41.1 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு தோன்றியது. 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வும் உணவு, பயிற்சி மாற்றங்களால் நோய் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது.

முதல் வகையினருக்கும் பயிற்சி நலம் பயக்கும். ஆயின் அது இன்சுலினுக்கு மாற்றாகாது. இன்சுலின் மிகக் குறைந்த நிலையில் கடும் பயிற்சி இரத்தச் சர்க்கரையையும் கீட்டோன்களையும் உயர்த்தக்கூடும். செலுத்திய இன்சுலின் மிகுந்திருப்பின் சர்க்கரை அபாயகரமாகத் தாழும்.

முடிவுரை

உழைப்பின்மையே நீரிழிவுக்குக் காரணம் என்னும் பொதுக்கூற்று இவ்வரலாற்றின்முன் நிலைபெறாது. முதல் வகைக்கு ஆளான குழந்தையின்மீதும் பெற்றோர்மீதும் அது பழி சுமத்துகிறது. நடந்தால் போதும் என்று இன்சுலினை நிறுத்தத் தூண்டின் உயிருக்கே ஊறாகும். ஆகவே, நீரிழிவு குறித்துத் தமிழில் எழுதுவோர் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்குமுன் எவ்வகையைக் குறிக்கின்றனர் என்பதைத் தெளிவுறுத்தல் இன்றியமையாதது.