பாலத்தில் நடந்தவர்கள்: ஷொர்ணூர் மரணங்களும் இழப்பீட்டு உரிமையும்

2024 நவம்பர் 2ஆம் தேதி பிற்பகல், பாலக்காடு மாவட்டம் ஷொர்ணூருக்கு அருகே பாரதப்புழா ரயில் பாலத்தில், புதுதில்லியிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் கேரளா எக்ஸ்பிரஸ் மோதி நான்கு துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்தனர். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். நால்வரும் சேலம் மாவட்டத்துக்காரர்கள், தண்டவாள ஓரத்துக் குப்பையை அள்ளும் ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள். ஒப்பந்தக்காரர் விதியை மீறினார் என்றது ரயில்வே. பக்கத்தில் சாலை இருக்க, அனுமதியில்லாமல் பாலத்தில் நடந்தார்கள் என்றும் விளக்கம் சொன்னது.

தண்டவாளத்தில் யார் இறந்தாலும் ஊர் முதலில் கேட்பது, ‘அங்கே ஏன் போனார்கள்?’ என்றுதான். ரயில்வே சட்டமும் (1989) 147ஆம் பிரிவில் அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்கியிருக்கிறது. இப்படி இறப்பவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேர் என்று அனில் ககோட்கர் குழு 2012இல் மதிப்பிட்டது. ஆனால் ரயில்வேயின் விபத்துக் கணக்கில் இவர்கள் வருவதில்லை. அத்துமீறியவர் என்ற சொல் ஒட்டிக்கொண்டதும் இறந்தவர் பொறுப்பாளி ஆகிவிடுகிறார். வீட்டில் இருப்பவர்கள் அனுதாபத்துக்குக் கையேந்துபவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

ஷொர்ணூரில் இந்தக் கேள்வியே பொருந்தாது. அன்று நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்துக்கு முதலாளி பொறுப்பு. பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்ற எதிர்வாதம் காயத்துக்குத்தான் செல்லும். மரணத்துக்குச் செல்லாது என்கிறது 3ஆம் பிரிவு. வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை முதலாளியும் இழப்பீடு தர வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. தந்ததை ஒப்பந்தக்காரரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளலாம். எனவே ஒப்பந்தத்தை ரத்து செய்வதோடு ரயில்வேயின் கடமை தீர்ந்துவிடாது. ‘வேலை முடிந்து திரும்பியவர்கள்தானே’ என்று வாதிடலாம். பணியிடத்திலிருந்து வெளியேறும் வழியும் பணியின் பகுதியே என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் கொண்டிருப்பதால் அந்த வாதத்துக்கு வலு குறைவு.

பொதுவெளியில் பேசப்பட்டதோ நிவாரணத் தொகைதான். தமிழக முதல்வர் குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் அறிவித்தார். நிவாரணம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. அதற்கு அளவுகோல் இல்லை. ரயிலே ஓடாத இடுக்கியில் இதை ஏற்கெனவே கண்டோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி நிலச்சரிவில் எழுபது பேர், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர், மாண்டார்கள். கேரள அரசு குடும்பத்துக்கு 5 லட்சம் அறிவித்தது. மறுநாள் கரிப்பூரில் விமான விபத்தில் இறந்தவர்களுக்கு 10 லட்சம். இந்த ஏற்றத்தாழ்வு அப்போதே சர்ச்சையானது. ஆனால் சர்ச்சையும் தொகையைப் பற்றியதாகவே நின்றது.

சட்டம் தருவது வேறு வகைப் பணம். அது இறந்தவரின் வயதையும் கூலியையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தச் சட்டத்தின் கீழுள்ள இழப்பீட்டு ஆணையரிடம் செலுத்தப்பட வேண்டும். மனுவைக் கேரளாவுக்குப் போய்த்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. சார்ந்திருப்போர் வழக்கமாகக் குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமே, அதாவது சேலத்திலேயே, கொடுக்க 21ஆம் பிரிவு இடம் தருகிறது.