நாள்பட்ட களைப்பு நோய்: அடையாளம் தேடிய ஆய்வுகள்

நாள்பட்ட களைப்பு நோய் என்பது ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, ஓய்வெடுத்தும் தீராத களைப்பு. மயால்ஜிக் என்செபலோமைலிட்டிஸ் என்றும் வழங்கும். தூங்கி எழுந்தாலும் உடம்பு தெளியாது. நினைவு தடுமாறும், எழுந்து நின்றால் தலை சுற்றும். முக்கியமான குறி வேறு: இன்று நாலு துணி துவைத்தால் நாளை படுக்கையோடு கிடக்க நேரும். ‘அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’ என்று நாம் சாதாரண அசதிக்குச் சொல்வது இங்கே வாரக்கணக்கில் நிஜமாகிவிடுகிறது. இதை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை.

பரிசோதனை ஒன்று கிடைத்தால் என்ன மாறும் என்பதைத் தாம்பரத்தில் பார்க்கலாம். சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை 1928இல் பச்சைமலை அடிவாரத்தில் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய சானடோரியத்தில் 1917இல் நோயாளியாக இருந்தவர் கணிதமேதை ராமானுஜன். காசம் என்றே அப்போது நம்பினார்கள். 1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளைப் புரட்டி, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். இத்தனைக்கும் காசக் கிருமியை ராபர்ட் காக் 1882இலேயே காட்டியிருந்தார். சளியைக் கண்ணாடித் துண்டில் தீற்றி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கி, அமிலத்தால் கழுவி, நீலச் சாயம் விட்டால், நீலப் பரப்பில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி தெரியும். அது தெரிந்துவிட்டால் காசநோயாளியின் அசதியைச் சோம்பல் என்று எவரும் சொல்ல முடியாது.

இதே தாம்பரம் வளாகத்துக்கு 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகள் வந்து குவிந்தார்கள். உடம்பை உருக்கும் அந்த நோய்க்கும் பரிசோதனை இருந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான் இந்தியாவில் அந்த வைரஸ் இருப்பதே வெளிப்பட்டது.

களைப்பு நோய்க்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் ஊழியர்கள், அடுத்தடுத்துப் படுத்தார்கள். மருத்துவமனையையே சில மாதம் மூடினார்கள். கிருமி எதுவும் அகப்படவில்லை. 1970இல் மெக்கீவெடி, பியர்டு என்ற இரு மனநல மருத்துவர்கள், நோயாளிகளை நேரில் பார்க்காமல் குறிப்பேடுகளை மட்டும் படித்துவிட்டு, பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் மிகுதி என்பதையும் ஒரு சான்றாக வைத்து, இது கூட்ட ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். ஆய்வு பல ஆண்டு பின்தங்கியதில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

1984இல் அமெரிக்காவின் நெவாடாவில் ஒரு சிற்றூரில் நோய் பரவியபின், 1988இல் இன்றைய பெயர் வந்தது. 2009இல் ‘சயின்ஸ்’ இதழ் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸைக் குற்றவாளியாக நிறுத்தியது. சோதிக்கப்பட்ட 101 நோயாளிகளில் 68 பேரிடம் அது இருந்ததாம். பிற ஆய்வகங்களில் அது சிக்கவேயில்லை. ஆய்வகத்தில் நேர்ந்த கலப்படம் என்று தெளிந்து, 2011இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். நார்வேயின் புற்றுநோய் மருத்துவர்கள் ஃப்லூகே, மெல்லா இருவரும் ரிட்டுக்சிமாப் மருந்தில் கண்ட நம்பிக்கையும் 151 பேரிடம் நடந்து 2019இல் வெளியான சோதனையில் பொய்த்தது.

இதுவரை கிடைத்தவற்றில் கைக்குத் தட்டுப்படும் சான்று ஒரு சைக்கிள்தான். மூக்கையும் வாயையும் மூடும் கவசத்தோடு நோயாளியை மிதிக்க வைத்து, மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளப்பார்கள். மறுநாளும் அதே சைக்கிள். மற்றவர்கள் முதல் நாள் அளவைத் திரும்ப எட்டுவார்கள். நோயாளிகள் பலருக்கு அளவு சரியும். நடிப்பு என்று தள்ள முடியாத சான்றுதான். ஆனால் சான்று காட்டுவதற்காகவே நோயாளியைப் பல நாள் படுக்கையில் தள்ளும் பரிசோதனை இது.

கொரோனாவுக்குப் பின் நீங்காத களைப்போடு பலர் வந்ததும் ஆய்வுக்குப் பணமும் கவனமும் கூடின. லூதியானா சி.எம்.சி.யில் படித்த அவிந்திர நாத் தலைமையில் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் 17 நோயாளிகளை அணு அணுவாக ஆராய்ந்து 2024இல் முடிவுகளை வெளியிட்டது. மூளையின் செயற்பாட்டிலும் நோயெதிர்ப்பு அணுக்களிலும் மாற்றங்கள் தெரிந்தன. 17 என்பது மிகச் சிறிய எண். அந்தக் குறையை ஈடுகட்டுவது போல, 2025இல் பிரிட்டனின் டீகோட்எம்.இ. ஆய்வு 15,579 நோயாளிகளின் மரபணுக்களைப் பார்த்து, நோயோடு தொடர்புள்ள 8 இடங்களைக் குறித்தது.

இந்தியாவில் பெரிய ஆய்வு என்று சொல்லத்தக்கது கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் 2005இல் வெளியிட்டது. 18 முதல் 50 வயது வரையான பெண்களில் 12 சதவீதத்தினர் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட களைப்பைச் சொன்னார்கள். ரத்தசோகை காரணமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஹீமோகுளோபின் அளவோடு தொடர்பே தென்படவில்லை, வறுமையோடும் மன உளைச்சலோடும் தென்பட்டது. ஆனால் அவர்கள் கணக்கிட்டது களைப்பை, இந்த நோயை அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு.

தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ தீராத அசதி என்று ஒருவர் போனால் இன்றும் வழி ஒன்றுதான்: சளி, மார்பு எக்ஸ்ரே, ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை. எல்லாத் தாளிலும் ‘நார்மல்’ என்று வந்த பிறகே இந்த நோயின் பெயர் பேச்சில் வரும்.