பத்தரை சென்ட் திராட்சைத் தோட்டமும் ஒரு பாகப்பிரிவினையும்



பிரான்ஸ் நாட்டில் ஒரு குடும்பம் தன் திராட்சைத் தோட்டத்தை எப்படிப் பாகம் பிரித்துக்கொண்டது என்று இன்று சொல்லப் போகிறேன். "என்ன சார், ஒயினைப் பற்றியா எழுதுகிறீர்கள்?" என்று சிரிக்க வேண்டாம். பாட்டிலுக்குள் இருப்பது நம் பாடம் அல்ல. அது விளைகிற மண்ணும், அந்த மண்ணைப் பங்கு போட்டுக்கொண்ட அண்ணன் தம்பி அக்காள் தங்கைகளும்தான் பாடம். பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

பிரான்சின் கிழக்கே பர்கண்டி என்றொரு பகுதி. அங்கே டிஷோன் நகரிலிருந்து தெற்கு நோக்கி, போன் நகரைத் தாண்டி, சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குன்றுச் சரிவு போகிறது. சரிவு பெரும்பாலும் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நன்றாக விழும். சுண்ணாம்புக்கல்லும் களியும் கலந்த மண். சரிவின் நடுப்பகுதியில் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். அடிவாரத்தில் களி அதிகம், ஈரம் தங்கும். அதனால் 'பினோ நுவார்' என்ற ஒரே ரகத்துக் கொடியை நட்டாலும், ஒரு வண்டிப்பாதையைத் தாண்டினால் பழத்தின் சுவை மாறிவிடும்.

இதைப் பல நூறு ஆண்டுகளாகக் கவனித்த மக்கள் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்து, எல்லை குறித்து வைத்தார்கள். அப்படிப் பெயர் பெற்ற துண்டை அவர்கள் 'கிளிமா' என்கிறார்கள். இந்தச் சரிவில் 1,247 கிளிமாக்கள் உண்டு. 2015ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நமக்குக் குழி, மா, காணி இருந்தது போல அவர்களுக்கும் பழைய நில அளவை உண்டு. அதற்குப் பெயர் 'உவ்ரே'. ஓர் ஆள் ஒரு நாளில் கையால் வேலை செய்து முடிக்கக்கூடிய தோட்டம் ஓர் உவ்ரே. நம் கணக்கில் ஏறக்குறைய பத்தரை சென்ட். இன்றும் அங்கே தோட்டக்காரர்கள் உவ்ரே கணக்கில் பேசுகிறார்கள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். புரட்சிக்கு முன்பு இந்தச் சரிவின் நல்ல நிலங்களில் பெரும்பகுதி மடங்களிடமும் பிரபுக்களிடமும் இருந்தது. சிட்டோ மடத்துத் துறவிகள் 12ஆம் நூற்றாண்டிலிருந்து 'குளோ து வூஜோ' என்ற தோட்டத்தை உருவாக்கி, 1336ல் அதைச் சுற்றி மதிலும் எழுப்பி முடித்தார்கள். 50 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் 120 ஏக்கருக்கு மேல், ஒரே மதிலுக்குள்!

1789 என்றதும் நமக்கு பாஸ்டில் சிறைதான் நினைவுக்கு வரும். தேர்வில் அதுதான் கேள்வியாக வரும். ஆனால் பிரெஞ்சு விவசாயியின் வீட்டுக்குள் நுழைந்த புரட்சி வேறு. முதலாவது, திருச்சபை நிலங்கள் தேசத்தின் சொத்தாக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. இரண்டாவது, மூத்த மகனுக்கே சொத்து என்ற பழைய உரிமை ஒழிக்கப்பட்டது. 1804ல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டம் அதை உறுதி செய்தது: பெற்றோரின் சொத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை.

தகப்பன் உயில் எழுதி இதை மாற்றிவிட முடியாதா என்று கேட்பீர்கள். அதற்கும் அணை போட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதியை மட்டுமே தன் விருப்பப்படி எழுதி வைக்கலாம். இரண்டு பிள்ளைகள் என்றால் மூன்றில் ஒரு பங்கு. மூன்றும் அதற்கு மேலும் என்றால் நான்கில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குத்தான். யாரையும் காலமெல்லாம் கூட்டுச் சொத்தில் இருக்கும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. பங்கு கேட்டால் பிரித்தாக வேண்டும்.

இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? நிலம் துண்டு துண்டாகும். புரட்சிக்குப் பிறகும் நூறு ஆண்டுக்காலம் ஒரே கையில் இருந்துவந்த குளோ து வூஜோ, 1889ல் பிரித்து விற்கப்பட்டது. பிறகு விற்பனையும் வாரிசுரிமையுமாகப் பிரிந்து பிரிந்து, இன்று அந்த மதிலுக்குள் ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள் மட்டுமே சொந்தம்.

துண்டு நிலத்தின் கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பர்கண்டிப் பீப்பாய் ஒன்றுக்கு 228 லிட்டர், அதாவது சுமார் 300 பாட்டில் பிடிக்கும். ஒரு பீப்பாய்கூட நிரம்பாத விளைச்சலைத் தனியாகப் புளிக்க வைத்து ஒயினாக்குவது சிரமம். அதனால் சிறு விவசாயிகள் பெரும்பாலும் தங்கள் சரக்கை நகரத்து வணிகரிடம் விற்றார்கள். வணிகர் பலருடையதைக் கலந்து தன் பெயர் ஒட்டி விற்றார். விளைவித்தவன் பெயர் எங்குமே வராது. 1930களில் பொருளாதார மந்தம் வந்து வணிகர்கள் வாங்குவதைக் குறைத்தபோதுதான், சில குடும்பங்கள் துணிந்து தங்கள் வீட்டிலேயே பாட்டிலில் அடைத்து, தங்கள் பெயரிலேயே விற்கத் தொடங்கின. இன்று உலகம் அறிந்த பர்கண்டிக் குடும்பத் தோட்டங்களில் பல அந்த வழியில் வளர்ந்தவை.

அவற்றில் ஒன்று வோன்-ரொமானே என்ற சிற்றூரின் குரோ குடும்பம். தலைமுறைகளாகத் தோட்டம் வளர்த்த குடும்பம். லூயி குரோவுக்கு நான்கு பிள்ளைகள்: ழான், பிரான்சுவா, குஸ்தாவ், மகள் கொலெத். தகப்பன் காலத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் நால்வரும் சேர்ந்தே நடத்தினார்கள். 1963ல் பாகம் பிரித்துக்கொண்டார்கள்.

ழானும் பிரான்சுவாவும் தனித்தனியே போக, குஸ்தாவும் கொலெத்தும் தங்கள் இரண்டு பங்கையும் சேர்த்து ஒரே தோட்டமாக நடத்தினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'குரோ ஃப்ரேர் எ சேர்'. தமிழில் சொன்னால் 'குரோ, சகோதரனும் சகோதரியும்'. ஒவ்வொரு பாட்டிலிலும் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. பாகப்பிரிவினையில் பெண் பிள்ளை கையெழுத்துப் போட்டு ஒதுங்கிப் போகவில்லை. பெயர்ப் பலகையில் ஏறினாள்.

அடுத்த தலைமுறையில் பிரான்சுவாவின் தோட்டத்தை 1988ல் அவருடைய மகள் ஆன் ஏற்றுக்கொண்டார். இன்று அது அவர் பெயரிலேயே நடக்கிறது. ழானுக்கு மூன்று பிள்ளைகள்: மிஷேல், பெர்னார், மகள் ஆன்-பிரான்சுவாஸ். 1990களில் அவர்களுக்குள் பாகம் வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. குடும்பத்திடம் 'குளோ தெ ரெயா' என்ற தோட்டம் 1860லிருந்து முழுதாக இருந்தது. 2.12 ஹெக்டேர், ஏறக்குறைய ஐந்தேகால் ஏக்கர், வேறு யாருக்கும் பங்கில்லாதது. அதை மூன்றாக வெட்ட யாருக்கும் மனமில்லை. அது முழுதாக மிஷேலுக்குப் போயிற்று. அதைவிடத் தரத்தில் மேலானதாக மதிக்கப்படும் 'ரிஷ்பூர்' நிலம் மற்ற இருவர் பக்கம் நின்றது. அதில் மிஷேலுக்குப் பங்கு இல்லை.

கவனியுங்கள். மூவருக்கும் நியாயம் கிடைத்தது, நிலமும் சிதையவில்லை. சமம் என்பது எல்லாவற்றையும் மூன்று துண்டாக்குவது அல்ல என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

சட்டமும் காலப்போக்கில் இதற்கு உதவியாக வந்தது. நிலத்தில் பாடுபடும் வாரிசு நிலத்தை எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு ஈடாகப் பணம் கொடுக்க 1938லிருந்து வழி ஏற்பட்டது. 1970ல் வந்த சட்டப்படி ஒரு குடும்பம் நிலத்தைத் துண்டாக்காமல், உரிமையை மட்டும் பங்குகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் பயிர் செய்வார். மற்றவர்கள் குத்தகை வாங்கிக்கொள்வார்கள். பாரிசில் இருக்கும் தங்கைக்கு வாரமாக விளைச்சலில் ஒரு பகுதி போவதும் உண்டு. நம் ஊர் வாரம், குத்தகைதான்!

"பிரிக்காமலே வைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே?" என்று சிலர் கேட்கலாம். அதற்கும் அதே சரிவில் பதில் இருக்கிறது. 'குளோ து தார்' என்ற ஏழரை ஹெக்டேர் தோட்டம் 1141லிருந்து துண்டாடப்படவே இல்லை. முதலில் கன்னியர் மடம், புரட்சிக்குப் பின் ஒரு குடும்பம், 1932லிருந்து மொமெசான் குடும்பம். 2017ல் அது பெரும் கோடீஸ்வரர் பிரான்சுவா பினோவின் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இந்தச் சரிவில் நிலத்தின் விலை இன்று அவ்வளவு ஏறிக் கிடக்கிறது. வாரிசு வரி கட்டவும், உடன்பிறந்தாருக்கு ஈடு கொடுக்கவும் வழியில்லாமல் விற்றுவிடும் நெருக்கடி எல்லாக் குடும்பத் தோட்டங்களுக்கும் உண்டு. ஆக, பிரிக்காமல் வைத்திருப்பது மட்டுமே ஒரு நிலத்தைக் குடும்பத்தில் நிறுத்திவிடாது.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? நம் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை தந்த திருத்தச் சட்டம் வந்தது 1989ல். அப்போதும் அதற்கு முன்பே மணமான பெண்களுக்கு இல்லை. நாடு முழுமைக்கும் 2005ல். பிரான்ஸைவிட ஏறக்குறைய இருநூறு ஆண்டு பின்னால். சட்டம் வந்த பிறகும் "அவளுக்குத்தான் சீர் செய்து அனுப்பியாச்சே" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கேட்டால், "பெண்ணுக்கும் கொடுத்தால் நிலம் துண்டாகிவிடும்" என்பார்கள்.

துண்டாகும் என்பது உண்மைதான். ஆனால் பத்தரை சென்ட் கணக்கில் துண்டான ஒரு சரிவு உலகத்தின் மிக மதிப்புள்ள விவசாய நிலங்களில் ஒன்றாக இருக்கிறது. அங்கே குடும்பங்கள் கூடி உட்கார்ந்து பேசின; எதைப் பிரிப்பது, எதை முழுதாக விடுவது, யார் பயிர் செய்வது, யாருக்கு வாரம் என்று முடிவு செய்தன. பெண்ணின் பங்கை மறுத்துத்தான் நிலத்தைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அந்தச் சரிவு சாட்சி சொல்லாது.

வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு நடக்கிற பிள்ளைகளே, பத்திர எழுத்தரிடம் போவதற்கு முன்னால் அக்காள் தங்கைகளையும் கூப்பிட்டு ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் கருத்தையும் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.